நிழலில் வைத்த ரோஜா

அத்தியாயம் – 6

டம்ளரை மூக்கருகே கொண்டுபோன செழியன், குடிக்காமலேயே கீழே வைத்தான்.

“இந்த ஊர்ல ஏலக்காய் போடாத டீயே கிடையாதாக்கா? காலையில லாட்ஜு சோப்புல ஏலக்காய். பஸ்சு டிக்கெட்டுல ஏலக்காய். பல்லு விளக்கினா பாயசம் சாப்பிட்ட மாதிரி இருக்கு.”

டீயைக் கொடுத்த சுருளியம்மாள் விழித்தாள்.

“ஏலக்காயா? டீத்தூளும் சீனியும்தான் தம்பி போட்டேன். ஏலக்காய்க் கடையில நாளெல்லாம் உக்காந்து காய் தரம் பிரிக்கிறேன்தான். ஒரு காயை வீட்டுக்குக் கொண்டாந்திருப்பனா?”

அனுசியா தன் டம்ளரில் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். “எனக்கும் ஒண்ணும் தெரியலையே செழியா.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க இதே போடியில பொறந்தவங்க, மூக்குக்குப் பழகிப் போச்சு.”

அனுசியா தேனியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள். போலீஸ் வேலையை விட்டு வந்தவள். செழியன் அவளுடைய உதவியாளன். கடற்கரைப் பையனாகப் பிறந்து, முப்பது வயதில் தொப்பையோடு மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தவன்.

“டீ கிடக்கட்டும்,” என்றாள் அனுசியா. “உங்க வீட்டுக்காரர் ஸ்டேஷன்ல என்னதான் சொன்னாரு?”

சுருளியம்மாளின் கண்கள் நிறைந்தன.

“அதைத்தானக்கா நானும் கேக்குறேன். ஒரு கேள்வி கேட்டா ஒம்பது பதில் சொல்ற மனுசன். இப்ப வாயில பசை ஒட்டுன மாதிரி உக்காந்திருக்காரு. மொக்கச்சாமி பிழைச்சுட்டானான்னு மட்டும் கேட்டாரு. அதுக்கு மேல ஒரு சொல்லு இல்லை.”

அவளுடைய கணவன் பாண்டியராஜ், தச்சன். மலையில் குரங்கணிக்கு மேலே ஒரு பழைய எஸ்டேட் பங்களாவைப் புதுப்பிக்கும் வேலையில் இருந்தான். அங்கேதான் முந்தாநாள் காலை கொத்தனார் மொக்கச்சாமி, மாடி வராந்தாவின் மரக் கைப்பிடி முறிந்து, கீழே கருங்கல் தளத்தில் விழுந்தார். இன்னும் நினைவு திரும்பாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அதற்கு முதல் நாள்தான், “கைப்பிடியில நீ கை வைக்காத, அது என் சோலி!” என்று பாண்டியராஜ் அவரிடம் சண்டை போட்டிருக்கிறான். வேலையாட்கள் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள்.

போலீசுக்கு அது போதுமானதாக இருந்தது. கூடவே அவனுடைய தளவாடப் பையில் இருந்து, கைப்பிடியின் கால்களைப் போலவே புதிதாகக் கடைசல் பிடித்த ஒரு மரக்கால் கிடைத்தது. ‘இது எதுக்குடா?’ என்று கேட்டதற்கும் பதில் இல்லை.

அனுசியாவின் செல்போன் அடித்தது. சப்-இன்ஸ்பெக்டர் மலைச்சாமி.

“மேடம், மத்தியானத்துக்கு மேல அவனை பங்களாவுக்குக் கூட்டிட்டு வர்றேன். இடத்தை அடையாளம் காட்ட வெச்சுட்டு, அப்படியே மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்திடுவேன். உங்ககிட்ட ஏதாவது இருந்தா அதுக்குள்ள சொல்லுங்க. கொத்தனார் கண்ணை மூடிட்டா கொலைக் கேசு.”

சுருளியம்மாளுக்கு மறுமுனைக் குரல் கேட்டிருக்க வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

“அவரு எறும்பைக்கூடத் தட்டி விட்டுட்டுத்தான் உளி அடிப்பாருக்கா,” என்றாள்.

அனுசியா எழுந்தாள். செழியன் அந்த டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, டம்ளரைச் சுருளியம்மாள் கையில் கொடுத்தான்.

“நல்லாத்தான் இருக்கு ஆத்தா. வாசனைக்குக் காசு கேக்காம விட்டீங்களே, அதுவே பெருசு.”

அவள் சிரிக்கவில்லை.

*

குரங்கணியைத் தாண்டியதும் தார் ரோடு முடிந்து கல் ரோடு ஆரம்பித்தது. ஜீப்பின் ஒவ்வொரு குதிப்புக்கும் செழியனின் தலை கூரையைத் தொட்டு வந்தது.

“நமக்குப் பீஸ் குடுக்கிறது யாருக்கா? சுருளியம்மாளா?”

“பங்களா ஓனர் அனுப்பிரியா. வீட்டை விக்கிற நேரத்துல யாரோ வேணும்னே கெடுக்கிறாங்கன்னு நினைக்குது. யாருன்னு கண்டுபிடிக்கணுமாம்.”

“கண்டுபிடிச்சு?”

“அது கெடுத்த ஆள் யாருங்கிறதைப் பொறுத்தது.”

பங்களா திருப்பத்தில் தெரிந்தது. கீழே கருங்கல், மேலே மரம், அதற்கும் மேலே ஓடு. மாடியைச் சுற்றி நான்கு பக்கமும் வராந்தா. பாதி வீடு பழசாகவும் பாதி வீடு புதுசாகவும் நின்றது. கூடத்தின் சிவப்புத் தரையை முகம் தெரியும் அளவுக்குத் தேய்த்திருந்தார்கள். சமையல்கட்டு இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட குளியலறை வந்திருந்தது.

அனுப்பிரியா வாசலுக்கு ஓடி வந்தாள். கோயம்புத்தூரில் வேலையை விட்டுவிட்டு ஆறு மாதமாக இங்கேயே கிடப்பவள். தலைமுடியில் சிமெண்ட் தூசி.

“பெங்களூர்ல ஒருத்தர் வாங்க ரெடியா இருக்கார் மேடம். பழைய பங்களாக்களை வாங்கி லாட்ஜு மாதிரி நடத்துறவர். அவருக்கு வீடு பழசா இருக்கணும். பாத்ரூம் மட்டும் புதுசா இருக்கணும்.”

“எங்க வீட்டுல நேரெதிர்,” என்றான் செழியன். “பாத்ரூம்தான் பழசு.”

“அவர் விலையை ஏத்தினதே மாடிக் கைப்பிடியைப் பாத்துத்தான். முழுக்க ஈட்டி மரம், ரோஸ்வுட். அம்மாவோட தாத்தா இழைச்சு வெச்சது. அம்மா அதைத் தொட்டுக்கிட்டேதான் நடப்பாங்க. வீட்டை அம்மா எனக்குத்தான் எழுதி வெச்சாங்க.” அவள் கூடத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். “வீட்டைக் குடுக்கிறதே மனசில்லாமத்தான். ஆனா இடிச்சுட்டு கான்கிரீட் கட்டறவன் கையில போகாது இல்லையா? அந்த ஒரே ஆறுதல்.”

“விழுந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?”

“இதோ, இந்த முற்றத்துலதான். அவருக்கு வீடியோ கால்ல வீட்டைக் காட்டிட்டு இருந்தேன். அப்பா என் பக்கத்துல நின்னாரு. மொக்கச்சாமி அண்ணன் மேல பூசிட்டு இருந்தாரு. திடீர்னு…”

முடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கருங்கல்லில் கழுவியும் போகாத கறை இருந்தது.

“வாங்க ஆத்தா.”

கைத்தடியை ஊன்றியபடி ஒரு பெரியவர் கூடத்திலிருந்து வந்தார். ஜக்கையன். அனுப்பிரியாவின் அப்பா. இடது முழங்கால் மடங்காமல் விறைத்திருந்தது. சவரம் செய்யாத முகம். இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்று கண்கள் சொல்லின.

“மொக்கச்சாமிக்கு முழிப்பு வந்துருச்சா? ஆஸ்பத்திரியில ஏதாவது சொன்னாகளா?”

“இன்னும் இல்லைங்க.”

“வந்துரும்,” என்றார், தனக்கே சொல்லிக்கொள்வதைப் போல. “மேல போய்ப் பாக்குறதுன்னா பாருங்க. ஆனா செவுத்தோரமாவே நடங்க.”

சொன்னதோடு நிற்காமல் அவரும் கூடவே ஏறினார். அனுசியா பின்னால் ஏறியபடி அவரைக் கவனித்தாள். படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏறினார். மாடி வராந்தாவுக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டார். அந்தக் காலை வைத்துக்கொண்டு, பிடிக்க வசதியாக இடுப்பளவுக்குக் கைப்பிடி இருந்தும், தோளைச் சுவரில் உரசியபடியே நடந்தார்.

வராந்தா முழுவதும், கைப்பிடியிலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளி, வரிசையாகச் சிமெண்ட் தொட்டிகள். எல்லாவற்றிலும் ரோஜாச் செடிகள். முறிந்த இடத்தில் மட்டும் தொட்டிகளைப் பக்கவாட்டில் நகர்த்தியிருந்தார்கள்.

“பூசறதுக்கு இடைஞ்சலா இருக்குன்னு மொக்கச்சாமி அண்ணன்தான் நகர்த்தினாரு,” என்றாள் அனுப்பிரியா.

செழியன் ஒரு தொட்டியை எட்டிப் பார்த்தான். “இலை அஞ்சு, முள்ளு அம்பது. இதுல கடைசியா பூ எப்பங்க பூத்துச்சு? சுதந்திரத்துக்கு முன்னாடியா?”

ஜக்கையன் அவனைக் கைத்தடியால் சுவர்ப் பக்கம் ஒதுக்கினார்.

அனுசியா முறிந்த இடத்தில் மண்டியிட்டாள். பலகையின் விளிம்பில் கைப்பிடிக் கால்களின் அடித்துண்டுகள் பல் விழுந்த ஈறு மாதிரி நின்றன. அறுத்த தடம் இல்லை. உள்ளே முழுவதும் துளைத் துளையாக, மாவு கொட்டியது.

“பூச்சி அரிச்சிருக்கு. ஈட்டி மரத்தைப் பூச்சி இப்படி அரிக்குமா?”

“நூறு வருசத்து மரம் ஆத்தா. வயசானா எல்லாந்தான் உளுத்துப் போகுது,” என்றார் ஜக்கையன்.

செழியன் கீழே குனிந்தான். தரைப் பலகையில் மூக்கை வைத்தான். நிமிர்ந்து, கதவு நிலைக்குப் போனான். பிறகு ஜன்னலுக்கு. பிறகு கூரையைத் தாங்கும் தூணுக்கு. அனுப்பிரியா அவனை ஒரு மாதிரி பார்த்தாள்.

“தம்பிக்கு என்ன பண்ணுது?”

“அக்கா, இங்க வாங்க. தரை பாயசம். கதவு பாயசம். தூணு பால்கோவா.” அவன் மீதமிருந்த கைப்பிடியின் மேல் மூக்கை ஓட்டிக்கொண்டே போனான். “இது மட்டும் ஒண்ணுமே இல்லை. வெறும் பாலிஷ்.”

அனுசியாவும் முகர்ந்து பார்த்தாள். தூண், கதவு, கைப்பிடி. அவளுக்கு எல்லாமே வெறும் மரம்தான்.

சுருளியம்மாளின் டீ ஞாபகம் வந்தது. ஏலக்காய் போடாத டீ. காய் தரம் பிரித்த விரல்கள். டம்ளரில் ஒட்டியிருந்த வாசனை ஊர்க்காரிகள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

“அனுப்பிரியா, இந்த மாடியில ஏலக்காய் வெச்சிருந்தீங்களா?”

“கொஞ்ச நஞ்சமா? தாத்தா காலத்துலேர்ந்து காய்ஞ்ச காயைக் கொட்டித் தரம் பிரிக்கிறது இங்கதான். வராந்தா முழுக்க ஆள் உக்காந்திருப்பாங்க. கைப்பிடியில சாஞ்சுக்கிட்டுப் பொம்பளைங்க பாடுவாங்க. அம்மா போனதோட எல்லாம் நின்னு போச்சு. எஸ்டேட்டைக் குத்தகைக்கு விட்டாச்சு.”

“அவங்க போய்…”

“எட்டு வருஷம். அப்புறம் இங்க ஒரு காய் ஏறலை.”

அனுசியா கைப்பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்தாள். கைப்பிடியின் அடிப்பக்கம் ஒரு நகத்தளவு சுரண்டினாள். கறுப்புப் பாலிஷுக்குக் கீழே வெளிறிப்போன மரம் எட்டிப் பார்த்தது.

“இது ஈட்டி இல்லைம்மா. நிழலுக்கு வளப்பீங்களே, சில்வர் ஓக். அதுல செஞ்சு சாயம் ஏத்தியிருக்கு.”

அனுப்பிரியா அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு முகம் சிவந்தது.

“பாண்டியராஜ்! அவன் பையில புதுக் கால் இருந்துச்சுன்னாங்களே! ஒவ்வொண்ணா மாத்தி ஈட்டியைக் கடத்தியிருக்கான். மொக்கச்சாமி அண்ணன் பாத்துட்டாரு. அதான் தள்ளி விட்டுட்டான்!”

சொல்லிக்கொண்டே செல்போனை எடுத்து மலைச்சாமியை அழைத்தாள். மறுமுனையில் சப்-இன்ஸ்பெக்டரின் உற்சாகம் வராந்தாவில் எல்லோருக்கும் கேட்டது. “திருட்டும் சேருதா? நல்லதாப் போச்சும்மா! குரங்கணியைத் தாண்டிட்டேன், வந்துக்கிட்டே இருக்கேன்!”

செழியன் அனுசியாவின் காதருகே வந்தான்.

“அக்கா, சுருளியம்மாளோட டீயைக் குடிச்சுட்டு அது புருசனுக்கே விலங்கு மாட்டிட்டோம் போலிருக்கே. என் மூக்கை அறுத்துடலாமான்னு தோணுது.”

“உன் மூக்கு உண்மையைத்தான் சொல்லிச்சு. பாதியை.”

அவள் கைப்பிடியின் வெளிப்பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் ஒன்றின் இடுக்கில் பச்சை நிறத்தில் ஒரு சொட்டு, கண்ணீர் மாதிரி வழிந்து உறைந்திருந்தது. அடுத்த காலிலும் ஒன்று.

“இந்தப் பச்சைப் பெயிண்ட் எப்ப அடிச்சது?”

“என் கல்யாணத்துக்கு. கூரை ஓரம் முழுக்கப் பச்சை அடிச்சோம். இப்பத்தான் சுரண்டி எடுத்துட்டு இருக்கோம்.”

“கல்யாணம் ஆகி?”

“ஆறு வருஷம். ஏன் மேடம்?”

அனுசியா விரல் விட்டு எண்ணினாள். செழியனின் புருவம் மெல்ல மேலேறியது. அவனுக்குப் புரிந்துவிட்டது. ஏலக்காய் இந்த மாடியை விட்டுப் போன பிறகு வந்த மரம். அதனால் வாசனை இல்லை. ஆனால் கல்யாணத்துக்கு முந்திய மரம். அதனால் சொட்டு இருக்கிறது. பாண்டியராஜ் இப்போது மாற்றியதே இல்லை. இடைப்பட்ட அந்த இரண்டு வருஷத்தில் நடந்தது.

“அப்போ இந்த வீட்டுல யார் இருந்தது?”

“யாரும் இல்லை. நான் கோயம்புத்தூர்ல. அப்பா மட்டும்தான்…”

அனுப்பிரியாவின் வாய் பாதியில் நின்றது. அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். ஜக்கையன் சுவரில் சாய்ந்து, கைத்தடியின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பாவுக்குத் தெரியாமக்கூட மாத்தியிருக்கலாமே மேடம். அவரு தோட்டத்துக்குப் போன நேரத்துல…”

கீழே ஜீப்பு வந்து நின்றது.

*

மலைச்சாமி முதலில் இறங்கினார். பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவே பாண்டியராஜ். ஒடிசலான ஆள். முற்றத்தில் அவனை நிறுத்தினார்கள். தலையைத் தூக்கவில்லை.

“மேடம்! அங்கிருந்தே காட்டுங்க, எங்க மாத்தியிருக்கான்னு!” என்று கீழேயிருந்து சத்தம் கொடுத்தார் மலைச்சாமி.

“காட்டுறேன் சார். அதுக்கு முன்னாடி ஐயாகிட்ட ஒரு சந்தேகம்.” அனுசியா ஜக்கையனிடம் திரும்பினாள். “எத்தனை வருசமா விவசாயம் பாக்குறீங்க?”

“பொறந்ததுலேர்ந்து.”

“எந்தச் செடிக்கு எவ்வளவு வெயில், எதுக்கு எவ்வளவு நிழல்னு உங்களை விடத் தெரிஞ்சவங்க இந்த மலையில இருக்க மாட்டாங்க. அப்படிப்பட்டவர் ரோஜாவைக் கொண்டாந்து வெயிலே படாத வராந்தாவுல வெச்சிருக்கீங்க. அதுவும் இப்படி ஒரு தொட்டி விடாம, வேலி கட்டின மாதிரி.”

“சும்மா… அழகுக்கு.”

“பூக்காத செடியில என்னங்க அழகு?”

அவர் கைத்தடியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“சரி விடுங்க. நின்னு நின்னு இடுப்பு வலிக்குது.”

மிகச் சாதாரணமாகச் சொன்னாள் அனுசியா. மீதமிருந்த கைப்பிடிக்கு முன்னால் நின்ற தொட்டியைக் காலால் ஒதுக்கினாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகியபடி, முதுகைக் கைப்பிடியின் பக்கம் சாய்க்கப் போனாள்.

இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் வெடித்தன.

“அம்மா, சாயாதீங்க!” கீழேயிருந்து. இரண்டு நாளாக வாய் திறக்காத பாண்டியராஜ்.

“சாயாத ஆத்தா! செத்துப் போவ!”

பக்கத்திலிருந்து. ஜக்கையன். கைத்தடியை எறிந்துவிட்டு, மடங்காத காலை இழுத்துக்கொண்டு பாய்ந்து வந்து, அனுசியாவின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பற்றியிருந்தார். நரம்புகள் புடைத்திருந்தன.

அனுசியாவின் மறு கை அதற்கு முன்பே தூணைச் சுற்றிப் பிடித்திருந்தது. அவள் சாயவே இல்லை. கைப்பிடிக்கும் அவள் முதுகுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது.

கைத்தடி உருண்டு போய் ஒரு தொட்டியில் முட்டி நின்றது.

“அப்பா,” என்றாள் அனுப்பிரியா.

அவர் கையை எடுக்கவில்லை.

“அப்பா, உங்களுக்குத் தெரியும். சாஞ்சா முறியும்னு உங்களுக்குத் தெரியும்.” அவள் குரல் சன்னமாகிக்கொண்டே போனது. “அன்னைக்கு என் பக்கத்துலதான் நின்னீங்க. மொக்கச்சாமி அண்ணன் தொட்டியை நகர்த்தினாரு. பலகையைத் தூக்கிக் கைப்பிடியில சாத்தினாரு. அதுல ஏறி நின்னாரு. எல்லாத்தையும் பாத்தீங்க. ஏன்ப்பா கத்தலை?”

ஜக்கையன் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். உட்காரும்போதும் சுவர்ப் பக்கமே நகர்ந்து போனார்.

“வாயைத் தொறந்தேன் ஆத்தா. நீ போன்ல அந்த ஆளுகிட்ட சொல்லிக்கிட்டு இருந்த. ‘முழுக்க ஈட்டி சார், எங்கம்மா தொட்டு நடந்த கைப்பிடி’ன்னு. சிரிச்ச முகமா. உங்கம்மா போனதுக்கப்புறம் அப்படி நீ சிரிச்சு நான் பாக்கலை. சாயாதடான்னு கத்தினா ஏன்னு கேப்பியே. ஒரு நிமிசம் யோசிச்சேன். அவ்வளவுதான். அதுக்குள்ள…”

“ஈட்டி எங்கப்பா? வித்துட்டீங்களா?”

“விக்கலை.”

அவர் கை வீட்டுக்குப் பின்பக்கம் நீண்டது. அங்கே கூரை இடிந்த ஒரு கல் கட்டடம் தெரிந்தது. பச்சை ஏலக்காயைச் சூடேற்றி உலர்த்துகிற சூளை. மலையில் அதற்கு ‘ஸ்டோர்’ என்றுதான் பெயர்.

“எரிச்சுட்டேன்.”

செழியன் அந்தக் கட்டடத்தை எட்டிப் பார்த்தான்.

“அந்த வருசம் மழை அப்படி. கீழ ரோடு சரிஞ்சு போச்சு. உங்கம்மா மதுரையில ஆஸ்பத்திரியில. மேல பறிச்ச காய் கூடை கூடையா நிக்குது. அன்னைக்கே ஸ்டோர்ல ஏத்தலைன்னா கருத்துப் போகும். அந்த ஒரு பறிப்பை நம்பித்தான் ஆபரேசனுக்குத் தலையாட்டியிருந்தேன். விறகு பூரா ஊறிக் கிடக்கு. பத்த வெச்சா புகை மட்டுந்தான் வருது.” அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார். “வீட்டுக்குள்ள காய்ஞ்ச மரம்னு வேற எது இருக்கு? கோடாலியை எடுத்தேன்.”

கீழே பாண்டியராஜ் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

“ஈட்டி நல்லா எரியும் ஆத்தா. வெரசா சூடு ஏறிச்சு. காய் அப்படியே கிளிப்பச்சையா வந்துச்சு. அந்த வருசத்துலயே நல்ல காய் அதுதான்.” சிரிப்பு மாதிரி ஒன்று அவர் உதட்டில் வந்து போனது. “உங்கம்மா போன் பண்ணினா. வீடு எப்படி இருக்குன்னா. மழைக் காலமாச்சே, கைப்பிடிக்கு எண்ணெய் போட்டியளான்னா. போட்டேன்னேன். ரோடு தொறந்து காயை எடுத்துக்கிட்டு நான் எறங்குறதுக்குள்ள அவ போயிட்டா.”

அனுப்பிரியா கைகளால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“அப்புறம் ஐயாவோட மக இங்க வர்றதுக்குள்ள நான்தான் சார் செஞ்சு குடுத்தேன்.” பாண்டியராஜின் குரல் முற்றத்திலிருந்து வந்தது. “சில்வர் ஓக்குல. பழைய கைப்பிடி எனக்கு மனப்பாடம். கத்தியில கிறுக்கின கோடு முதக்கொண்டு வெச்சேன். ஆனா காயாத பச்சை மரம், தாங்காதுன்னு சொன்னேன். அதுக்குத்தான் ஐயா தொட்டி வெச்சாரு. வீட்டை விக்கப் போறாங்கன்னதும் கெட்டி மரத்துல ஒவ்வொரு காலா மாத்திடலாம்னு இருந்தேன். பையில இருந்தது முதல் கால். அதுக்குள்ள மொக்கச்சாமி கைப்பிடியில பலகையைச் சாத்தணும்னு நின்னான். கை வைக்காதன்னு சண்டை போட்டேன். காரணம் சொல்ல முடியலை. ஐயாவுக்கு வாக்கு குடுத்திருந்தேன்.”

“அதுக்காகக் கொலைக் கேசை ஏத்துக்குவியாடா?” என்றார் மலைச்சாமி, எரிச்சலும் வியப்புமாக.

“ஐயாவே சொல்லிருவாருன்னு நெனைச்சேன் சார்.”

அந்த வார்த்தை மாடிக்கு வந்து சேர்ந்ததும் ஜக்கையன் தலையைக் குனிந்துகொண்டார். “ராத்திரி பூராவும் நாளைக்குச் சொல்லிருவோம், நாளைக்குச் சொல்லிருவோம்னுதான் கிடந்தேன்,” என்று முனகினார்.

செழியன்தான் கைத்தடியை எடுத்துக் கொடுத்தான். “அளவு, சாயம், கிறுக்கல் எல்லாம் சரியா வெச்சீங்க பெரியவரே. வாசனையை மட்டும் விட்டுட்டீங்க. ரெண்டு பேருமே போடிக்காரங்க.” வழக்கமான குறும்பு அவன் குரலில் இல்லை.

ஜக்கையன் சுவரைப் பிடித்துக்கொண்டே படியிறங்கினார். முற்றத்தில் பாண்டியராஜின் முன்னால் நின்றார். அவனுடைய விலங்கை ஒரு தடவை தொட்டுவிட்டு, யாரும் சொல்லாமலே போலீஸ் ஜீப்பின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தார். மலைச்சாமி பாண்டியராஜின் விலங்கைக் கழற்றினார்.

“உன்கிட்டயும் எழுதி வாங்கணும், ஸ்டேஷனுக்கு வா. ஆனா முன்னாடி சீட்டுல உக்காரு,” என்றார். பிறகு மாடியை நிமிர்ந்து பார்த்தார். “மேடம், பெரியவர் மேல என்ன செக்ஷன்னு மொக்கச்சாமிதான் முடிவு பண்ணணும். அவன் பிழைக்கணும்.”

ஜீப்பு திருப்பத்தில் மறையும் வரை அனுப்பிரியா அசையவில்லை.

அனுசியா அவள் அருகே போனாள். “நீங்க கேட்டது, விற்பனையைக் கெடுத்தது யாருன்னு. பதில் இப்படி இருக்கும்னு நானும் எதிர்பார்க்கலைம்மா. பீஸ் வேண்டாம்.”

“இல்லை மேடம். வாங்கிக்கங்க.” அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அம்மா கேட்டிருந்தா அப்பா சொல்லியிருப்பாருன்னு நினைக்கிறீங்களா?”

அனுசியா யோசித்தாள். “எண்ணெய் போட்டியளான்னு கேட்டாங்களே. சொல்லலையே.”

அனுப்பிரியாவின் கையில் செல்போன் அதிர்ந்தது. பெங்களூர். வீடியோ கால்.

திரையில் பெயர் மின்னிக்கொண்டே இருந்தது. செழியன் அனுசியாவைப் பார்த்தான். அனுசியா தூரத்து மலையைப் பார்த்தாள். கைப்பிடியை ஈட்டி என்று எல்லோருமே நம்பிய வீடு இது. பாலிஷ் போட்டுவிட்டால் இன்னும் நூறு பேர் நம்புவார்கள். பெங்களூரில் யாருக்கும் இதை முகர்ந்து பார்க்கத் தோன்றாது.

அழைப்பு நின்றது. மறுபடி அதிர்ந்தது.

அனுப்பிரியா பச்சைப் பொத்தானை அழுத்தினாள். தன் முகத்தைக் காட்டவில்லை. காமிராவைத் திருப்பி, முறிந்து நின்ற கால்களுக்கு நேரே, பேனாக்கத்தி சுரண்டிய வெளிறின இடத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

“சார், முந்தாநாள் நான் உங்ககிட்ட ஒண்ணு தப்பா சொல்லிட்டேன்.”